கண்ணாடியோடு ஒட்டிய ராஜா

சிநேகிதிக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் நமக்குள் எந்தக் கடிதம் தொடங்கியிருக்கிறது? பேரன் அந்தோணி மூணாறில் சொந்த ஜீப் வாங்கிவிட்டான். டூரிஸ்டுகளை மலை ஏற்றி இறக்குகிறான். மகள் வீட்டுப் பெண் நர்ஸ் படிப்பு முடித்து கோட்டயத்தில் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. பேத்தி ஸ்டெல்லா எல்லாரையும் தாண்டிவிட்டாள். தேசிய நூலகத்தில் வேலை. பழைய புத்தகம், படம், பாட்டு எல்லாவற்றையும் கெட்டுப்போகும் முன்னே கம்ப்யூட்டரில் ஏற்றிக் காக்கிற பிரிவு. ஐந்தாம் வகுப்போடு கொழுந்து கிள்ளப் போனவளின் பேத்தி! நீ இருந்தால், "போதும் மைனி, ஒம் புள்ளைக பெருமைய வாசிச்சே கண்ணு பூத்துப் போச்சு" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் உன் பிள்ளைகள் பெருமையைத் தொடங்கியிருப்பாய்.

இன்று காலையில் மழை. வண்டிப்பெரியாரில் மழையெல்லாம் ஒரு சேதியா என்பாய். ஈரக்காற்று பட்டதும், சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படச் சட்டத்திலிருந்து அடுப்புப் புகை வாசம் கிளம்பியது. அதுதான் உன்னைக் கூட்டி வந்தது.

நாம் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருந்த காலத்துப் படம். அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ராஜா வேஷம் போட வேண்டியவர், வசனம் மனப்பாடம் ஆகவில்லை என்று பயந்து கம்பத்துக்கு பஸ் ஏறிவிட்டார். ஆண்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீ கொழுந்துக் கூடையைக் கூட இறக்கவில்லை. "ஒத்திகை பூராவும் நாந்தான கேட்டுக்கிட்டு கெடக்கேன். நாங் கட்டுதேன் ராசா வேசம்" என்றாய்.

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைப் பிரித்து உனக்குக் கிரீடம் செய்தோம். அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மீசை வரைந்தது நான். மீசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு உன் சிப்பாயாக நின்றேன். நீ மேடையில் ஏறி ஒரு அதட்டுப் போட்டதும் முன்வரிசையில் இருந்த கங்காணி எழுந்து நின்றுவிட்டார். "இத்தன வருசம் நம்மள நிக்க வச்சவன, இன்னைக்கு நான் நிக்க வச்சேன் பாத்தியா மைனி" என்று நீ திரைக்குப் பின்னால் சிரித்த சிரிப்பில் மீசை பாதி அழிந்தது. அதை மறுபடி வரைந்துதான் ஸ்டுடியோக்காரர் முன் நின்றோம்.

பிறகு நீ மகனோடு பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டாய். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு என்று எழுதினேன். நீ அனுப்பவே இல்லை. "கெழவி மூஞ்சி எதுக்கு? ஒங்கிட்ட ராசா மூஞ்சி இருக்குல்லா" என்றே பதில் வந்தது. நீ கண்ணை மூடியபோது சவப்பெட்டிக்கு முன்னால் வைக்க உன் வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. ஏதோ அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கண்ணும் தெரியவில்லை, மூக்கும் தெரியவில்லை. நம் படத்தைக் கொடுக்கலாம் என்றால், அது அப்போதே என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே, பெருவெள்ளத்தில் ஆறு வீட்டுக்குள் வந்த வருஷம் சட்டம் நனைந்துவிட்டது. மலையில் எது நனைந்தாலும் நாம் செய்வதைத்தான் செய்தேன்: விறகையும் மிளகையும் போல அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிக் காயவைத்தேன். காய்ந்தது. காய்ந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அந்தோணி பிளேடை விட்டுப் பிரித்துப் பார்த்தான். சிப்பாயின் கால் பிய்ந்து வந்தது. "எலேய், நிறுத்துல! அடுத்து ராசா தலை போயிரும்" என்று கத்தினேன். அதற்குப் பிறகு யாரையும் தொட விடவில்லை. ஆனால் பூஞ்சணத்தை யார் தடுப்பது? ஒவ்வொரு மழைக்காலமும் மூலையிலிருந்து வெள்ளையாக ஊர்ந்து ஊர்ந்து உன் கிரீடத்தைத் தொட்டுவிட்டது. மழை பெய்தால் முதலில் எழுந்து போய் உன் முகம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இந்தக் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த ஸ்டெல்லா, தோட்டத்து மனிதர்களின் பழைய படங்களைச் சேர்க்கிறோம் என்றாள். நான் பயந்துகொண்டே சட்டத்தை இறக்கிக் கொடுத்தேன்.

"ஆச்சி, இத ஏன் பிரிக்கணும்? பிரிக்கவே கூடாது. கண்ணாடி வழியாவே எடுத்துரலாம்."

இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. வாசல் வெளிச்சத்தில் படத்தை வைத்து கேமராவை நிறுத்தினாள். முதலில் எடுத்ததில், குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் முகம் கண்ணாடியில் விழுந்து உன் முகத்தை மறைத்துவிட்டது. "ஆச்சி, ராசாவுக்கு வயசாயிட்டு" என்று சிரித்தாள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கொழுந்துக்காட்டுக்குக் கொண்டுபோன என் கறுப்புக் குடையை வாங்கி, கேமராவுக்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள். அந்தக் கறுப்பில் கண்ணாடியின் பளபளப்பு அடங்கியது. கம்ப்யூட்டர் திரையில் உன் மீசை ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது. நான் வரைந்த மீசையடி! கடைவாயில் அடக்கிய சிரிப்பு கூட இருந்தது.

படத்தை நூலகத்தில் வைக்க உன் மகனிடம் சம்மதம் கேட்கவேண்டும் என்றாள். போனில் அனுப்பினோம். உடனே கூப்பிட்டான்.

"அத்தே, யாரு இது ஆம்பள?"

"ஒங்கம்மாதாம்ல."

சிரித்தான். பிறகு, "அம்மா மூஞ்சியே மறந்துட்டேனோன்னு பயந்து கெடந்தேன் அத்தே" என்றான்.

சம்மதம் தந்துவிட்டான். தேயிலை பறிக்கும் பெண், ராஜா வேடத்தில் என்று எழுதி ஸ்டெல்லா ஏற்றிவிட்டாள். பல இடங்களில் நகல் வைப்பார்களாம், ஒரு இடத்தில் அழிந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்குமாம். ஆறு அங்கேயெல்லாம் வராது.

நேற்று உன் மகன் அவன் வீட்டுச் சுவரைப் படம் எடுத்து அனுப்பினான். உன்னைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். மீசைக்கும் சேர்த்து மாலை.

என் சுவரில் பழைய சட்டம் அப்படியே இருக்கிறது. பூஞ்சணம் உன் நெற்றிக்கு வந்துகொண்டிருக்கிறது, வரட்டும். இன்று காலை மழை பெய்தும் நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போனேன். வழியெல்லாம் உன் அதட்டல்தான் காதில். இந்தக் கடிதத்தின் கடைசியில் மட்டும் நான் போட்டோ கேட்கவில்லை.