முத்திரை கேட்ட அக்கையார்க்கு, மின்னடுப்பு குறித்து

எழுமலைக்கோனின் மூத்த தமக்கையாரும், அலைவாய்க்கோட்டையை ஆளும் உரிமை உடையாரும் ஆகிய பெருந்தேவி நாச்சியார் திருமுன்பு, அவர்க்கு இளையாளும், குவளைநாடு உடையாளும், அரசர் உண்ணும் அமுதுக்கு முத்திரையிடும் உரிமை பெற்றாளும் ஆகிய நறுங்கோதை விடுத்த ஓலை. தங்கள் கோட்டை மதில் ஓங்குக. தங்கள் துறையில் தோணிகள் நிறைந்து வருக. தங்கள் குடிகள் பசியறியாது உறங்குக.

அருகே வந்து உட்கார், அக்கா. ஓலை வாசிப்பவரைத் தவிர மற்றவரை வெளியே அனுப்பு. ஒரு கதை சொல்கிறேன். பாதிக்கதை உன் மடைப்பள்ளியில் நடப்பது. மீதி என் வயிற்றெரிச்சல்.

தைத்திருநாள் சீராகத் தம்பி உனக்கு அனுப்பியது மின்னடுப்பு. அருவிக்கோட்டத்துச் சக்கரத்திலிருந்து கம்பி வழியே வரும் மின்னை வாங்கி, விறகும் புகையும் இன்றி, உள்ளே கம்பிகள் சிவக்கச் சமைத்துத் தரும் இரும்புப் பெட்டி. எனக்கு அனுப்பியது பித்தளை உருளி. நல்ல உருளிதான். முகம் பார்க்கலாம்; அன்று அதில் தெரிந்த முகத்தைப் பற்றிக் கேளாதே. ஒரே தாய் வயிற்றில் பிறந்தோம், ஒரே தம்பியை இடுப்பில் சுமந்தோம். உனக்கு மின்னல், எனக்குப் பித்தளையா?

பொறுக்கமாட்டாமல், வாழைத்தார் கொண்டுபோகும் சாக்கில் என் பணிப்பெண் வெள்ளச்சியை உன்னிடம் அனுப்பினேன். வேவுதான், மறைக்கவில்லை. திரும்பியவள், "தேனும் தினைமாவும் பிசைஞ்சு வச்ச பணியாரம் பஞ்சுமெத்தையாட்டம் உப்பி வந்துச்சும்மா, வாசனை துறைமுகம் வரைக்கும் போகுது" என்றாள். வாசனையைப் பற்றி இனி வாய் திறவாதே என்று கட்டளையிட்டேன். உன் பணிப்பெண்கள் அவளைப் பார்த்து, "உருளி வீட்டுக்காரி வந்திருக்கா, ஓரமா நின்னு மோந்துட்டுப் போகட்டும்" என்றார்களாமே! நன்றாக வளர்த்திருக்கிறாய்.

ஆனால் அவள் கொண்டுவந்த செய்தி அத்தோடு முடியவில்லை. அரசர் தந்த பொருள் ஆடையின்றி நிற்கலாகாது என்ற நம் வழக்கப்படி, அடுப்புக்குப் பட்டுப் போர்த்தியபடியே சூடேற்றுகிறீர்களாம். தொட்டால் பட்டே சுடுகிறதாம். அதனினும் பெரியது, தம்பி உண்ண வரும் பௌர்ணமி விருந்துக்கு உன் மடைப்பள்ளி முதலி பொன்னம்பலம் செய்துள்ள ஏற்பாடு. அரசரின் பானை வேகும்வரை யாரும் நஞ்சு கலவாதபடி சுவைகாவலர் அதைக் கண்ணால் காப்பார். வெந்தபின் வாயைத் துணியால் கட்டி அரக்கு முத்திரை இடுவோம். அதுவே முறை. பெட்டிக்குள் வேகும் பானையைக் காவலர் காண இயலாதாகையால், பாலும் அரிசியும் இட்டவுடனேயே கட்டி, அரக்கிட்டு, முத்திரை வைத்து, அதன்பின் உள்ளே வைக்க வேண்டும் என்பது அவர் கூற்றாம். மறுநாளே உன் ஆள் வந்து என் முத்திரையைக் கேட்டான்.

அக்கா, முதலில் எனக்கு வந்தது சிரிப்பு. கொடுத்துவிடு, விருந்து பாழாகட்டும், தம்பி பசியோடு என் வாசலுக்கு வரட்டும் என்றது மனம். எவ்வளவு பாழாகும் என்று பார்க்கும் ஆசையில், பொன்னம்பலம் சொன்னபடியே ஒரு சிறு பானையைக் கட்டி அரக்கிட்டு என் விறகடுப்பில் ஏற்றச் சொன்னேன். துணி முழுதும் அரக்கு பூசியதால் ஆவிக்கு வழியில்லை. பானை வெடித்தது. ஓடு ஒன்று கதவுப் பலகையில் பாய்ந்து நின்றது. உருகிய அரக்கு தீயில் விழுந்து கொழுந்துவிட்டு எரிந்தது. தூணுக்குப் பின்னிருந்து வெள்ளச்சி, "பெரியம்மா எப்பவும் மூஞ்சியைக் கிட்டக் கொண்டுபோய்த்தானே எட்டிப் பாப்பாங்க" என்றாள், உன்னை எண்ணி.



முத்திரையைக் கொடுத்தால் உன் முகம் போகும். காரணம் சொல்லாமல் மறுத்தால் ஊர் என்னைப் பொறாமைக்காரி என்னும்; அது உண்மை, அதனால்தான் சுடும். ஆகவே உனக்கு அடுப்பை நிறுவித் தந்த கம்பியரை அழைத்து விசாரித்தேன். அவர் சொன்னதும் நான் ஆணையிடுவதும் இவை.

பட்டுப் போர்வையை இன்றே எடுத்துவிடு. சுவரையும் திரைச்சீலையையும் விட்டு அடுப்பைத் தள்ளி வை, அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும். வாய் கட்டிய எதையும் உள்ளே வைக்காதே. அடுப்புக்கு மின் எடுக்கும் துளையில் வேறு எதையும் செருகாதே, ஈரக்கையோடு தொடாதே. சூட்டுப் பானையை எடுக்க உன் முந்தானை போதாது, தடித்த துணி வேண்டும். நனைத்த துணி குளிர்ச்சி என்று எண்ணாதே, அதன் வழியே சூடு பாய்ந்து கையை வேகவைத்துவிடும். கதவைத் திறக்கையில் பக்கவாட்டில் நில். முதல் அனல் வெளியேறட்டும், அதன்பின் எட்டிப் பார். ஒருகால் உள்ளே தீப்பற்றினால், உன் வீட்டார் குடத்தோடு ஓடிவருவார்கள், தடுத்துவிடு. மின்னுக்குத் தண்ணீர் ஆகாது. மின்னை நிறுத்து, கதவைத் திறவாதே, தீ தானே அடங்கும். அடங்காவிட்டால் எல்லாரும் வெளியேறுங்கள். அடுப்பு போனால் போகட்டும்.

காவலர் எப்படிக் காப்பார் என்பாய். உன் பட்டு மறைத்த கதவில் கண்ணாடி பதித்து, உள்ளே விளக்கும் வைத்திருக்கிறார்களாமே! சற்றுத் தள்ளி முக்காலி போட்டு அவரை அமர்த்து. வைத்த கணம்முதல் எடுத்துப் பந்தியில் இடும்வரை பார்த்திருக்கட்டும். பார்த்தபின் முத்திரை எதற்கு? எனவே, மின்னடுப்பில் வெந்த அமுதுக்கு முத்திரை வேண்டாம் என, அவ்வுரிமை உடைய நானே விலக்களித்தேன். அரசவையில் எனக்கிருந்த ஒரே பெருமை அது. அதையும் உன் அடுப்பே தின்றது.

இவ்வாணையை மடைப்பள்ளி வாயிலில் உரக்க வாசித்து, பொன்னம்பலமும் சுவைகாவலரும் கேட்டதாகக் கைக்கீறல் இட்டு அனுப்புக. மீறுவோர் அரசர் அமுதுக்குத் தீங்கு நினைத்தோராவர். குவளை முத்திரை இவ்வோலையில் மட்டுமே பதித்தோம்.

பொறாமை தீர்ந்ததென்று எண்ணிவிடாதே, அக்கா. பணியாரம் ஒரு கூடையேனும் வராமல் தீராது. உன் கையும் முகமும் நலமாயிருக்க. உன் மனையில் உலை ஓயாதிருக்க. உன் பந்தியில் அமர்ந்தோர் எல்லாம் வயிறு குளிர்ந்து எழுக.