கருத்துக் கேட்க வந்த பெண்

என் குட்டிம்மாவுக்கு,

நீ சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

நேற்று கூரை வேலை முடிந்து இறங்கியதும், கருத்துக்கணிப்புப் படிவமும் பேனாவுமாக நின்ற ஒரு தமிழ்ப் பெண், "அண்ணே, பருவநிலை மாற்றத்துக்கு இந்த நாடு வேண்டியதைச் செய்யுதா? உங்க கருத்து என்ன?" என்றாள். இங்கு வந்தபின் என் கருத்தை யாருமே கேட்டதில்லை. போன வாரம் என் பக்கத்துக் கட்டில் வெல்டர் அண்ணன் கூரை வெயிலில் சுருண்டு விழுந்து இறந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள், "நீங்க இந்த ஊர்க்காரர்தானே?" என்றாள்.

"இல்லம்மா, பிழைக்க வந்தவன்."

"அப்ப உங்க கருத்து கணக்குல வராதுண்ணே." பேனாவை மூடிவிட்டாள். நல்ல பெண்தான், தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

நீ பயப்படாதே, நான் தொப்பி போட்டுக்கொள்கிறேன்.

வாசல் கதவுக்கு பெயின்ட் அடிக்கணும் என்றாயே, நீயே முடிவு செய்துவிடாதே. என்ன நிறம் என்று என்னையும் ஒரு வார்த்தை கேள்.

வண்டி வந்துவிட்டது.

உன்னவன்