மூன்றாம் ஓலை

26 மே 1968, ஞாயிறு

ஆதியில்லாத பிதாவே, பிதாவை விட்டு ஒருபோதும் பிரிந்திராத குமாரனே, இருவரின் அன்பாய் எம்முள் தங்கும் ஆவியே, இவ்வெழுத்தையும் இவ்வீட்டையும் காத்தருளும்.

என் மகள் சுகிர்தாவின் முதல் திருமண ஓலையை இன்று ஆலயத்தில் நானே வாசித்தேன். ஆயர் ஏனாத்தூர்ப் பக்கத்துச் சபைகளுக்கும் போகவேண்டியிருப்பதால், ஓலை வாசிப்பது மூப்பனாகிய என் பொறுப்பு. மூன்று ஞாயிறும் மணமக்களின் பெயரைச் சொல்லி, தடையுண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். எத்தனையோ பேருக்கு வாசித்த வாய்தான். இன்று மகளின் பெயரை இருமுறை வாசித்துவிட்டது. தகப்பன் அல்லவா.

மணமகன் தேவநேசன், பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பட்டுச் சங்கத்தில் குமாஸ்தா.

29 மே

மாலையில் தேவநேசன் வந்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். குமாரனாகிய இயேசு பிதாவுக்குச் சமம்னு, ஆராதனையில எல்லாரும் சேர்ந்து சொல்ற விசுவாசப் பிரமாணத்துல வருதே, அத மனசார சொல்ல முடியல. அந்த எடம் வந்தா வாய மூடிக்கினு நிக்கிறேன்."

"ஏன் தம்பி?"

"எங்கப்பா தறியில உக்காந்துக்கினு இருந்தா நான் எதிர்ல பேசினதில்ல. புள்ளன்னா அப்பனுக்குக் கீழதானே? அனுப்பினவரு பெரியவரு, வந்தவரு சின்னவரு. அப்படித்தான் தோணுது."

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

2 ஜூன்

இரண்டாம் ஓலை. தடையுண்டா என்று கேட்டேன். சபை மௌனம் காத்தது. நானும்.

5 ஜூன்

தேவநேசனுக்காக ஒரு குறள் வெண்பா கட்டினேன்:

ஒளியும் கதிரும் ஒருபொருளே என்று
தெளிவார் மனத்தே திரு.

படித்துவிட்டு, "பாட்டு நல்லா இருக்குது மாமா. ஆனா சூரியன் வந்தப்புறம்தானே கதிரு?" என்றார். கதிரில்லாத சூரியனை எப்போதாகிலும் கண்டதுண்டா, பிள்ளையில்லாத காலத்தில் பிதா யாருக்குப் பிதா என்று கேட்டேன். "பதில் தெரியல. ஆனா நம்பிக்கையும் வரல" என்று எழுந்துகொண்டார். யோவான் சுவிசேஷத்திலிருந்து இன்னும் எத்தனையோ வைத்திருந்தேன். வாதத்தில் வென்று என்ன பயன்?

7 ஜூன்

ஜெயம்மாளிடம் சொல்லிவிட்டேன். முப்பது ஆண்டு இல்லறத்தில் அவளிடம் எதையும் நெடுநாள் மறைத்து எனக்கு வழக்கமில்லை.

"ஏங்க, பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு. வாய மூடிக்கினு நிக்கிறவங்க சபையில எத்தினி பேரு! அதுல பாதி பேரு தூங்கறாங்க. இவர் ஒருத்தர்தான் கண்ணுக்குத் தெரியறாரா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அறிந்தும் அறியாதவன்போல் எப்படி வாசிப்பேன்? குமாரனை அறிக்கையிடாதவருக்குச் சபையில் மணமில்லை. தடையென்று சொன்னால் மகளின் வாழ்வு. சொல்லாவிடில் இத்தனை நாள் அறிக்கையிட்டது என்ன? குமாரன் தேவனல்லரெனில் அவரைத் தொழுவது என்னவாகும்? படைப்பைத் தொழுவதாகாதா?

சுகிர்தாவுக்கு முன்பே தெரியுமாம். தேவநேசனே சொல்லியிருக்கிறார்.

"அவர் பொய் சொல்லிட்டுத் தாலி கட்டினா எனக்கு வேணாம்பா. நீங்க தெரிஞ்சிக்கினே ஓலை வாசிச்சாலும் வேணாம்."

9 ஜூன், திரித்துவ ஞாயிறு

மூன்றாம் ஓலை.

தடையுண்டா என்று கேட்டேன். என் நாவில் சொல் இருந்தது. நாவு எழவில்லை... ஆண்டவரே, எழவில்லையே.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். தேவநேசன்.

"எனக்கே ஒரு தடை இருக்குதுங்க. குமாரனைத் தேவன்னு என்னால இன்னும் அறிக்கை பண்ண முடியல. மூப்பருக்குத் தெரியும். அவர் வாயால சொல்ல வைக்கக் கூடாது, அதான் நானே சொல்றேன்."

பின்வரிசையில் யாரோ, "மாப்பிள்ளையே தடை சொல்ற கல்யாணம் இதாம்பா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிற்பகலில் ஆயர் திருமணத்தை நாள் குறிக்காமல் ஒத்திவைத்தார். சுகிர்தா அழவில்லை. அச்சான பத்திரிகைகளைக் கட்டி அலமாரியில் வைத்தாள்.

14 ஜூலை

திருமணம் நின்றது, தேவநேசனின் வருகை நிற்கவில்லை. இன்றும் வந்தார். வேதத்தைப் பற்றி நான் பேசவில்லை. சமையலறையில் சுகிர்தா ஏதோ சொல்ல, இருவரும் நகைத்தது காதில் விழுந்தது.

12 ஆகஸ்ட்

போன வாரம் தேவநேசனின் தகப்பனாருக்கு நெஞ்சுவலி. இன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். கட்டிலில் இருந்தபடியே தறிக்காரரை ஏசத் தொடங்கிவிட்டாராம். மாலையில் தேவநேசன் வந்து என் எதிரே அமர்ந்தார்.

"வராண்டாவுல நின்னுக்கினு 'இயேசுவே, எங்கப்பாவ காப்பாத்து'ன்னு கத்தினேன் மாமா. பிதாகிட்ட சொல்லி வையுன்னு கேக்கல. நேரா அவரையே கேட்டேன். ஏகாம்பரநாதர் கோயில் வாசல் காவக்காரன்கிட்ட யாராவது உயிர்ப்பிச்சை கேப்பாங்களா? யாருகிட்ட கேக்கணும்னு வாய்க்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் தெரியல."

"அப்பா பிழைத்ததால் வந்த நம்பிக்கையா, தம்பி?"

"இல்ல மாமா. பொழைப்பாருன்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே."

அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

விசுவாசப் பிரமாணத்தில் அந்த இடம் வந்தது. ஒரு குரல் மட்டும் சபையைவிட ஒரு சொல் பிந்தி வந்தது, ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுப் பார்ப்பதுபோல்.

8 செப்டம்பர், ஞாயிறு

ஆயர் சொற்படி முதலிலிருந்து ஓலைகளை மறுபடி வாசித்து, இன்று மூன்றாவதை முடித்தேன். தடையுண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கத்தைவிடச் சற்று நேரம் காத்து நின்றேன். யாரும் எழவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெயம்மாள், "இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தீங்கன்னா நானே எழுந்து, உக்காருங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். வியாழனன்று திருமணம்.

இவ்வேட்டை என்றேனும் வாசிப்பவர் யாராயினும், உமக்கும் உம் இல்லத்தார்க்கும் பிதாவின் பரிவும் குமாரனின் அருளும் ஆவியின் துணையும் ஒரே ஒளியாய் நிலைப்பதாக. ஆமென்.