மஞ்சள் சுருளும் யூகாரியின் கண்ணும்

அன்பு மகள் சிஹோவுக்கு, நாகசாகியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே மழை ஓய்ந்துவிட்டது, முழங்கால் படுத்தவில்லை, அப்பாவின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். மெக்சிகோவில் மல்யுத்தம் ஆடும் உன் எலும்புகள் ஒழுங்காக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உன்னை மல்யுத்தத்துக்கு இழுத்துப்போனவள் என்று உன் ஜோடி யூகாரி மேல் வன்மம் வைத்து, நான் வேண்டுமென்றே அவளை அடித்தேன் என்று ஆலயத்தில் பேசிக்கொள்கிறார்கள். வீடியோவும் சுற்றுகிறதாம். உனக்கும் வந்திருக்கும், அதனால்தான் நீ கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய் என்று நினைக்கிறேன். அடித்தது நான்தான். வேண்டுமென்று அல்ல. ஆனால் நடந்ததை முழுதும் படித்தால், வேண்டுமென்று செய்திருந்தாலாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும் என்று உனக்குத் தோன்றும்.

என் இடத்தில் நீங்க போய்ப் பாருங்க, ஒரு ஆட்டம் விடாம எழுதுங்க, யூகாரி பேரைக் கூப்பிடும்போது எல்லாரும் வீசுற மாதிரி என் நிறமான மஞ்சள் காகிதச் சுருளை மேடைக்கு வீசுங்க என்று நீ சொன்னாய். அதன்படியே எழுதுகிறேன். முதல் ஆட்டம் கறுப்பு உடையில் இரண்டு புதுப் பெண்கள். குட்டையானவள் விழும்போது மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டாள், நெட்டையானவள் மறந்து தலையை இடித்துக்கொண்டாள். தோற்ற பின் அழுதுகொண்டே நான்கு பக்கமும் குனிந்து வணங்கினாள், அது எனக்குப் பிடித்தது. இரண்டாவது, உனக்குத் தெரிந்த அந்த மூத்தவள், ஐயோ இடுப்பு ஐயோ இடுப்பு என்று நடித்துவிட்டு நடுவரையே தூக்கிப் போட்டாள். துணைக்கு வந்த என் பள்ளித் தோழி இவாநாகா பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. மூன்றாவது, பக்கத்துக்கு மூன்று பேர் மோதியது. கறுப்புக் குளவி என்ற பேரில் ஆடும் அந்த வில்லியின் கூட்டத்தில் ஒருத்தி நாற்காலியால் அடித்ததை அரங்கம் முழுக்கப் பார்த்தது, நடுவர் மட்டும் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து நின்று, ஐயா, கண்ணு எங்க இருக்கு, பின்னால திரும்பிப் பாருங்க என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா போடு என்று யாரோ ஒருத்தன் கத்தினான். அந்தக் கைதட்டல் என் தலைக்கு ஏறிவிட்டது சிஹோ, மறைப்பதற்கில்லை.

இனி அந்தச் சுருள் விஷயம். முந்தின நாளே இவாநாகா நம் வீட்டுக்கு வந்து, நடுவில் இருக்கும் அட்டைக் குழலை உருவிவிட்டுக் காகிதத்தைத் தளர்வாகச் சுற்றக் கற்றுக்கொடுத்தாள். இல்லேன்னா மண்டை உடையும்டி ஹிசாகோ, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றாள். கன்னியர் பள்ளியில் தையலில் எப்போதும் எனக்கு அடுத்த இடம்தான் அவளுக்கு, அவளிடம் சுருள் சுற்றப் பாடம் கேட்க எனக்குக் கசந்தது. அவள் போன பிறகு பார்த்தால் சுருள் தொளதொளவென்று அவிழ்ந்த கட்டுத்துணி மாதிரி இருந்தது. என் மகள் பேரில் வீசுவது இப்படியா இருப்பது என்று குழலைத் திரும்ப உள்ளே செருகி, இறுக்கிச் சுற்றிவிட்டேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்து, கூடாது என்று அவள் சொன்னதாலேயே செய்தேன்.

கடைசி ஆட்டம் யூகாரிக்கும் கறுப்புக் குளவிக்கும், பட்டத்துக்கானது. யூகாரி பேரைக் கூப்பிட்டதும் நான்கு பக்கமிருந்தும் அவள் நிறமான ஊதாச் சுருள்கள் பறந்தன, மஞ்சள் ஒன்றே ஒன்று. அது விரியவே இல்லை. நேராகப் போய் அவள் இடது புருவத்தில் பட்டு இரத்தம் வந்தது. கறுப்புக் குளவி மைக்கைப் பிடுங்கி, அடியே யூகாரி, உன் ரசிகரே உனக்கு முதல் அடி குடுத்தாச்சு, மிச்சத்த நான் குடுக்கிறேன் வா என்றாள். அரங்கம் சிரித்தது. ஆட்டம் முழுக்க அந்தக் கண்ணையே குறி வைத்தாள். யூகாரி மூடிய கண்ணோடு கயிற்றைத் தடவிப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து நின்றாள். நீயும் அவளும் ஜோடியாக ஆடும்போது நீ நிற்கும் மூலைப் பக்கம் ஒருமுறை கையை நீட்டினாள், பழக்கம் போலிருக்கிறது, அங்கே யாரும் இல்லை. தோற்றாள். இதைவிட நல்ல ஆட்டம் அன்று இல்லை, அதைக் கெடுத்தவள் நான்.

இதுவரை நடந்தது கர்வம். பிறகு நடந்ததுதான் கேவலம். ஒப்புக்கொள்ளத்தான் அவள் படம் விற்கும் மேசை வரிசையில் போய் நின்றேன். புருவத்தில் பனிக்கட்டிப் பையோடு இருந்த அவள் என்னைக் கண்டதும் எழுந்து, சிஹோ அம்மா, நீங்களா, அவ சாப்பிடுறாளா, தூங்குறாளா, பனிக்காலம் முடிஞ்சதும் வந்துடுவா இல்ல என்று கேட்டுக்கொண்டே போனாள். கண் எப்படி இருக்கிறது என்றேன். யாரோ முதல் தடவை வந்தவங்களா இருக்கும், பாவம், தெரியாம வீசிட்டாங்க என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வளர்ப்புச் சரியில்லாதவங்க என்றேன். என் வாயால் சொன்னேன். இவாநாகா என்னைத் திரும்பிப் பார்த்தாள், வழியெல்லாம் என் பையையும் அவளே தூக்கி வந்தாள். ஊரில் அவள்தான் பரப்பினாள் என்று நினைக்காதே. வீடியோவில் மஞ்சள் நிறத்தைப் பார்த்தவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு யூகாரி இருக்கும் ஃபுகுவோகா போய் அவளிடம் நேரில் சொல்லப் போகிறேன். அதற்கு உன் அனுமதி கேட்கவில்லை. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். என்னால் உங்கள் ஜோடி உடைய வேண்டாம் என்று மட்டும் கேட்பேன். நீ விழும்போது மோவாயை உள்ளே இழுத்துக்கொள், காரம் அதிகம் தின்னாதே, ஜெபமாலையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதே. மாதா உன் கழுத்தையும் முதுகையும் காக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ திரும்பி வந்து யூகாரியோடு மேடை ஏறும் நாளில், வெறுங்கையோடு, கடைசி வரிசையில், நான் உட்காரலாமா? போனில் சொல்லாதே, என் குரலைக் கேட்டால் இரங்கிவிடுவாய். வரலாம் அல்லது வேண்டாம், எதுவானாலும் உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
தகாவா ஹிசாகோ