பேருந்து வெளியே நிற்கிறது

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே இருவரும் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் ரயில் கம்பெனிக்குத் தண்டவாளம் சொந்தமில்லை, ஒன்பது வண்டிகள் மட்டும்தான். போன வண்டியே திரும்பியும் வரவேண்டும், ஒன்று பிந்தினால் அன்று முழுக்கப் பிந்தும். அதனால் கால் மணிக்கு மேல் தாமதமானால் கடைசி மூன்று நிலையங்களை விட்டுவிட்டு நடுவழியிலேயே திருப்பிவிடுவார்கள். மடக்கிவிடுவது என்போம். போகாத நிலையத்துக்குத் தாமதம் எழுதமாட்டார்கள். இறக்கிவிடப்படும் பயணிகளுக்கு, என்னைப் போல வண்டியோடு போகும் கார்டுகள் படித்துக்காட்ட ஓர் அட்டை உண்டு. பேருந்து வெளியே நிற்கிறது என்று அதில் அச்சடித்திருக்கும். இருபத்தாறு வருடமாக அதைப் படிக்கிறேன். ஒரு தடவையாவது வெளியே எட்டிப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை.

போன செவ்வாய் மதியம் மழை, சிக்னல் கோளாறு, பத்தொன்பது நிமிடத் தாமதம். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண், பஸ்ஸுக்கு போன் போட்டிருக்கேன்க்கா, நீங்க படிச்சு இறக்கிவிடுங்க என்றாள். படித்தேன். பதினொரு பேர் இறங்கினார்கள். கடைசியாக ஒரு தையல்காரம்மா, கையில் துணிமூட்டை, படியில் நின்று, நெசமாவே பஸ் நிக்குதாம்மா என்று கேட்டாள். நிக்குது, இறங்குங்க என்றேன். அது அட்டையில் இல்லாதது, நானாகச் சொன்னது. வண்டி சரியான நேரத்துக்குத் திரும்பியது. பேருந்து வந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள், வளைவில் ஒரு பைக் இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. இனி எப்போது மெஷினை மிதிப்பாளோ.

அலுவலகத்தில் என் பெயரில் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். மாற்று ஏற்பாடு அறிவிக்கப்பட்டது, பயணி தாமாகவே நடந்து சென்றார். படித்தால் ஒரு வரியும் பொய்யில்லை. இது இப்படியே ஏற்கப்பட்டால் கம்பெனி நஷ்டஈடு என்று அவளைத் திரும்பிப் பார்க்காது. மேலாளர், உங்க மேல ஒரு தப்பும் வரல, கையெழுத்தப் போட்டுட்டுப் போயிட்டே இருங்க என்றார். போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவும், ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு, இப்பப் போய் உனக்கெதுக்கு இந்த வீம்பு என்கிறார். அவர் சொல்வதும் பயத்தில்தான், கோபித்துக்கொள்ளாதே.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீருடை இல்லாததால் அவளுக்கு என்னைத் தெரியவில்லை, பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவள் என்று நினைத்துத் தானாகவே எல்லாம் சொன்னாள். அந்தக் கார்டம்மா மேல குத்தமில்ல, பாவம், அவளையும் ஏமாத்திட்டாங்க என்றாள். தலையாட்டினேன். தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். வாசலில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை.

இன்று காலை அந்தத் தாளின் அடியில் என் கைப்பட இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். பேருந்து நிற்கிறதா என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பயணி கேட்டபோது நிற்கிறது என்று சொன்னேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். இனிமே என்னால உங்களக் காப்பாத்த முடியாதும்மா என்றார். கூப்பிடும்வரை வேலைக்கு வரவேண்டாமாம்.

நீ இதற்காக டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே. அப்பாவிடம் பேசும்போது என் பக்கம் பேசவேண்டாம், முட்டியைப் பற்றி மட்டும் கேள். எங்கே இருந்தாலும் நீ மனம் நிறைந்து இருக்கவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மூன்று மணிக்கு நோயாளிகளைப் பார்க்க விடுவார்கள். இதைத் தபாலில் போட்டுவிட்டு அங்கேதான் போகிறேன். அந்தத் தாளில் எழுதியது சுலபம். அவள் முகத்தைப் பார்த்து, அந்தக் கார்டு நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா