மேனேஜருக்குத் தமிழ் தெரியாது

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு, கோயில் முடிஞ்சு

அன்புள்ள மகள் ஷைனிக்கு அம்மா எழுதுறது. கர்த்தர் கிருபையால எனக்குக் கை கால் எல்லாம் அதது எடத்துல இருக்குது, உங்க அப்பாவுக்கு மட்டும் முட்டியில ஆறு தையல், பயப்படாத, நடக்குறாரு. அங்க நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளுருல சளி கிளி புடிக்காம இருக்கீங்களா? போன்ல சொல்லலாம்னா இவரு பக்கத்துல உக்காந்துகினு பேச்சை மாத்தி வுட்றாரு, அதான் அயர்லாந்து வர்ற பிரின்சி கையில லெட்டரா குடுத்தனுப்புறேன்.

நாய் ஒண்ணு எடுத்தோம்னு உனக்குத் தெரியும், சைஸை மட்டும் உங்க அப்பா சொல்லியிருக்க மாட்டாரு. ரிட்டையர் ஆனதுல இருந்து சுவத்தைப் பாத்துகினே உக்காந்திருந்த மனுசன், வேப்பம்பட்டாண்ட அனாதை நாய்ங்கள வெச்சிப் பாத்துக்குறவங்க கிட்ட போயி சின்னதா ஒண்ணு எடுத்தாறேன்னு கெளம்பி, கன்னுக்குட்டி கணக்கா ஒண்ணை ஓட்டிக்கினு வந்தாரு. மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியில சங்கிலியோட கெடந்ததாம், வாட்ச்மேனும் ஊருக்குப் போய்ட்டதால பட்டினியாம். முப்பது வருசம் மில்லுல மேனேஜர் சொன்னதை நான் கேட்டேன், இனிமே மேனேஜர் நான் சொல்றதைக் கேக்கட்டும்னு அதுக்கு மேனேஜர்னே பேரு வெச்சாரு. எங்க கேட்டுது? உக்காருன்னா ஓடும், வான்னா போவும், வேணாம்னா அதைத்தான் தின்னும். என் சர்ச் செருப்பு ஒண்ணு, சோபாவுல பாதி, அரைக் கிலோ பொட்டுக்கடலை, எல்லாம் போச்சு. நம்ம சர்ச் ஐயரு ஊட்டுக்கு வந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கினு இருந்தாரா, தோள் மேல யாரோ ரெண்டு கையையும் வெச்சா மாதிரி இருந்துதாம். உங்க அப்பாதான் உருகிட்டாருன்னு நெனச்சி இன்னும் சத்தமா ஜெபிச்சாரு, கண்ணைத் தொறந்தா மேனேஜரு. நீளமா ஜெபிக்கிறவரு அன்னிக்கி ஒரே ஆமென்ல முடிச்சிட்டாரு.

சிரிக்காத. போன மாசம் ஆட்டைத் தொரத்திக்கினு இவரை சிப்காட் ரோட்டோரமா தரதரன்னு இழுத்துக்கினு போயி கால்வாயில தள்ளிடுச்சு. தையல் போட்டுக்கினு வந்ததும் நான் சொல்லிட்டேன், ஒண்ணு நான் இருக்கணும், இல்ல மேனேஜர் இருக்கணும்னு. உடனே பதில் சொல்லாம ரொம்ப நேரம் யோசிச்சாரு பாரு, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த வாரம் சனிக்கிழமை காலையில நாஷ்டா கூட துன்னாம, நம்ம ஸ்டீபன் ஆட்டோவுல ஏத்திக்கினு திருப்பி வுடக் கெளம்பிட்டோம். கவரப்பேட்டையாண்ட டீ குடிக்க நிறுத்தினா, கயித்தை உருவிக்கினு நேரா பைபாஸை நோக்கி ஓடுது. அந்தாண்ட கன்டெய்னர் லாரி வருது. இவரு மேனேஜர் மேனேஜர்னு கத்திக்கினு நொண்டி நொண்டி ஓடுறாரு, எனக்கு உசுரே இல்ல, நாய்க்கா இவருக்கான்னு கூட தெரியல. டீக்கடையில நின்ன ஒரு பீகார் புள்ள பைட்னு ஒரு சத்தம் போட்டான். அடப்பாவி இங்கிலீஷ்ல கடிக்கச் சொல்றானேன்னு உங்க அப்பா அலறுறாரு. மேனேஜரு ரோட்டுக்கு ஒரு முழம் முன்னால அப்படியே சொய்ங்குனு உக்காந்துடுச்சு. லாரி போச்சு. அது வாலைக் கூட ஆட்டல, மீட்டிங்ல உக்காந்த மாதிரி உக்காந்துகினு இருக்குது. பைட்னா இந்தியில உக்காருன்னு அர்த்தமாம். கம்பெனி வாட்ச்மேன் வடக்கத்தி ஆளு போல. ரெண்டு மாசமா நாங்க புரியாத பாஷையில கத்தினா அது இன்னாடி பண்ணும் பாவம்! உங்க அப்பா அது கழுத்தைக் கட்டிக்கினு அழுதாரு. ஸ்டீபன் எங்கம்மா போவணும்னான். ஊட்டுக்குத் திருப்புடான்னு சொன்னது நான்தான், இவரு தான் சொன்னதா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுறாரு, நம்பாத.

இப்ப அந்தப் புள்ள ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து சொல்லிக் குடுக்குது, நான் மீன் கொழம்பு வெச்சிப் போடுறேன். பைட்னா உக்காரு, ருக்னா நில்லு, சோட்னா வுட்டுடு. மூணும் பிரிட்ஜ் மேல எழுதி ஒட்டியிருக்கேன். மேனேஜரு முழுசா திருந்தலை, இன்னிக்கிக் கூட பக்கத்து ஊட்டுத் தலைகாணியோட வந்துது. ஆனா தெனம் காலையில ரெண்டு மைல் நடக்குறதுல உங்க அப்பாவுக்கு சுகர் எறங்கியிருக்கு, பேச்சும் ஏறியிருக்கு.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுமணி போல காப்பாத்துவாரு. நைட் டியூட்டிக்கு வெறும் வயித்தோட போவாத. டிசம்பர்ல வர்றப்ப கேட்டாண்டயே நின்னு, பைட்னு சத்தமா சொல்லிட்டு அப்புறம் உள்ள வா. உங்க அப்பாவும் சேந்து உக்காந்துடுவாரு, கண்டுக்காத.

அன்பு முத்தங்களுடன்
உன் அம்மா
ஞானம்மா எபினேசர்