ஐந்தேகால் பஸ்

இன்று மாலை வகுப்பு எடுத்து முடித்து வெளியே வந்தேன். பல்கலைக்கழகத்தின் ஐந்தேகால் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அந்த டீசல் வாடை பட்டதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

முதலியார்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில்தானே நம் பல்கலைக்கழகம் தொடங்கியது? கூடத்தில் வகுப்பு, சமையற்கட்டில் நூலகம். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்போம். மீன்பிடி ஊரான வீராம்பட்டினத்துக்காரி நீ, அசராமல் அது என்ன கருவாடு என்று சொல்லிவிட்டுப் பாடத்தைக் கவனிப்பாய்.

பிறகு ஊருக்கு வெளியே முந்திரித்தோப்பில் சொந்தக் கட்டடம் எழும்பியது. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை, உனக்கு மட்டும் வீடு திரும்பும் கவலை. அங்கிருந்து சாயங்காலம் திரும்ப பஸ் இல்லை, பெண்களுக்கு விடுதியும் இல்லை. பொழுது சாய்வதற்குள் வீடு வராவிட்டால் படிப்பு போதும் என்று உன் அப்பா சொல்லியிருந்தார்.

நீதான் எங்களைத் திரட்டிக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனாய். கட்டடம் முடியட்டும், பஸ்ஸைப் பிறகு பார்க்கலாம் என்றார் அவர். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ நகரவில்லை.

"கட்டடம் மெதுவா வரட்டும் சார். நாங்க இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போவணும். அப்பத்தான் மறுநாள் வர முடியும்."

ஐந்தேகால் மணிக்கு ஒரு பஸ் விட ஒப்புக்கொண்டார்கள். அது வருவதற்குள் உன் அப்பா மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார். முதல் நாள் அந்த பஸ்ஸில் நீ இல்லாமல் ஏறி, டவுன் வரும்வரை அழுதேன்.

அப்புறம் எங்கே பார்த்தாலும், என் பிள்ளைகளைக்கூட விசாரிக்காமல் முதலில் அதைத்தான் கேட்பாய்: "அந்த பஸ்ஸு ஓடுதாடி?" ஓடுது என்பேன். உன் முகம் தெளியும். ஒரு தடவையாவது வந்து ஏறிப் பார் என்றால் பேச்சை மாற்றிவிடுவாய்.

இப்போது எத்தனையோ துறைகள், விடுதிகள், பஸ்கள். ஆண்டுவிழா மேடையில் அடிக்கல் நாட்டியவர் முதல் எல்லோரையும் சொல்கிறார்கள். உன்னைச் சொல்ல யாருக்கும் தெரியாது. எனக்கு அது ஆறவே இல்லை.

இன்று ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மேடம், இது டவுனுக்குப் போவுமா? லேட்டானா ஊட்ல திட்டுவாங்க."

"போவும், ஏறும்மா" என்று ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டேன். உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வீட்டுக்கு போன் போட்டு, பஸ் ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓடுதுடி. கேட்கத்தான் நீ இல்லை.